சித்தி தள்ளிவிட்ட கதாநாயகன்

பழைய படங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற பிள்ளை ஒருத்தர் போன மாதம் எங்கள் நெருப்புப் படத்தைப் பிடித்துக்கொண்டார். தீயணைப்புப் படை வீரனைக் கதாநாயகனாக வைத்து எடுத்த சண்டைப் படம் அது. கதை இல்லை, நடிப்பு இல்லை, அதிலும் குடிசைகள் எரியும்போது கிராமத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் காட்சியைக் கண்டு அந்தக் காலத்து விமரிசகர்களே சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பிள்ளை படத்தைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, ஒரு பிரதிகூட மிச்சமில்லை என்று அவரே சொல்கிறார். அறுபது வருஷத்துக்கு முந்தி ஒருவர் எழுதியதை இவர் படித்தார், இவர் எழுதியதை இனி இன்னொருவர் படிப்பார். அதுவே உண்மை என்று நின்றுவிடும் போலிருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் விட மாட்டேன்.

தென்காசியிலும் மேலகரத்திலும் இலஞ்சியிலும் என்னோடு பாவாடை கட்டித் திரிந்தவர்களே, இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறவர்களே, உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். உங்கள் அம்மாவும் அத்தையும் அந்தக் காட்சியில் இருக்கிறார்கள். சிரிக்கட்டும் என்று நீங்கள் விட்டாலும் நான் விடுவதாக இல்லை.

எங்கள் வீடு மேலகரத்தில். அப்பாவுக்குத் தென்காசியில் பலசரக்குக் கடை. அம்மாவைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். எனக்குப் பத்து வயது. சித்திக்கு இருபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை எப்படிக் கரையேற்றுவது என்பதுதான் எங்கள் வீட்டில் காலைக் காபிக்கும் ராத்திரிச் சோற்றுக்கும் பேச்சு. சித்தி நல்ல உயரம், குரலும் அதற்கேற்ற குரல். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மெல்லப் பேசச் சொன்னால் மெல்லத்தான் பேசுவாள். அதுவே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

குற்றாலத்தில், ஆனி மாதத்தில், நெருப்பு வைத்துப் படமெடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. சாரல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைத்தால்தான் குச்சி பற்றும். அந்த ஊரில் போய், எங்கள் மேலகரத்தை ஒட்டிய தென்னந்தோப்பில் ஓலைக் குடிசை போட்டு எரிக்கப் பார்த்தார்கள். அப்பாவின் கடையில் அரிசி பருப்பு வாங்க வந்த துணை டைரக்டரிடம் அப்பா இதைக் கேட்டே விட்டார்.

"ஏன் தம்பி, சித்திரையில வந்திருக்கப்படாதா? தீக்குச்சியே வேண்டாமே, தானா எரிஞ்சிருக்கும்லா."

"முதலாளிக்கு அருவியில குளிக்கணும் சார்," என்றார் அவர். "படம் எடுக்கறது அப்புறம்."

முதலாளி குளித்தார். எல்லோரும் குளித்தார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துப் பேரருவி, மத்தியானம் சாப்பாடு, தூக்கம், சாயங்காலம் ஐந்தருவி. தோப்பில் குடிசைகள் நனைந்துகொண்டு நின்றன. சிவப்பு வர்ணம் அடித்த லாரி ஒன்று மணியோடு நின்றது. அதுதான் தீயணைப்பு வண்டி. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போய் அந்த மணியை ஒரு தடவை அடித்துவிட்டு ஓடிவருவோம். தீயணைப்பு வீரர்களின் தலைக்கவசம் அட்டையில் செய்து தங்க வர்ணம் பூசியது. சாரலில் ஊறி ஊறி அது முறுக்கு மாவு மாதிரி தொளதொளவென்று ஆகிவிட, ஆகாதவற்றை வேலியோரம் எறிந்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்து வந்தேன். அம்மா அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்தாள். அடுத்த வருஷச் சாரலுக்கு அது முழுசாகக் கரைந்து போயிற்று. தங்கத் துகள் மட்டும் சில வெங்காயத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை எரிக்கப்போகிறோம் என்று தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொன்னார்கள். நாங்கள் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய் நின்றோம். டின் டின்னாக மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். குப்பென்று பிடிக்கும், புஸ்ஸென்று போகும். ஈர ஓலைப் புகையில் எல்லோருக்கும் கண் எரிந்ததுதான் மிச்சம். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. இனி மெட்ராசுக்கே போய்விடுவார்கள் என்று ஊர் முடிவு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. காற்றும் எழுந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று ஈரத்தை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். விட்டால் கிடைக்காது என்று டைரக்டர் தமுக்குக்குக்கூட ஆள் அனுப்பாமல் நெருப்பை வைத்துவிட்டார்.

இங்கேதான் மெட்ராஸ்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தத் தோப்புக்கு இந்தப் பக்கம் தோப்பில் வேலை செய்கிறவர்களின் நிஜக் குடிசைகள் இருந்தன, பிள்ளை குட்டிகளோடு. எங்கள் பக்கத்தில் தீ என்று சத்தம் கேட்டால் யார் வீடு, என்ன சாதி, பேச்சு வார்த்தை உண்டா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஒரு குடமாவது போய்ச் சேர வேண்டும். தீக்குப் போகாத வீட்டுக்கு யாரும் துட்டிக்குப் போக மாட்டார்கள். பிணத்தை அவர்களே தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். கால்வாயில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் கிணற்றடியில் நின்றவர்களும் தோப்புப் பக்கம் கரும்புகையைப் பார்த்தார்கள். படக்காரர்கள் ஞாபகம் ஒருத்திக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் நின்றிருப்பார்களா என்பது சந்தேகம்.

சித்தி கிணற்றடியில் இருந்தாள். நிறைகுடம் இடுப்பில், நனைத்த சாக்கு தலையில், ஓடினாள். நான் செம்பை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். செம்பில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். முப்பது நாற்பது பெண்கள் இருக்கும். எங்களுக்கு முன்னால் குடிசை வரிசை திகுதிகுவென்று எரிகிறது. அதற்கு நேர் எதிரே, காக்கி உடுப்பும் தங்கத் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு, பவுடர் பூசிய முகத்தோடு ஓர் ஆள் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். அவன்தான் கதாநாயகன். 'பாயுங்கள்' என்று டைரக்டர் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம். சித்திக்கு அது தெரியுமா? எரிகிற வீட்டின் முன்னால் ஆம்பளை ஒருத்தன் சும்மா நிற்பதுதான் தெரிந்தது. குடத்தின் விளிம்பால் அவன் தோளில் ஓர் இடி இடித்துத் தள்ளினாள்.

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? தண்ணி எடுலே."

அவன் எடுத்தான். அதுதான் வேடிக்கை. சித்தியின் குடத்தை வாங்கிக்கொண்டு போய் நிஜமாகவே ஊற்றினான். கவசம் கழன்று விழுந்தது. கால்வாயிலிருந்து பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள், குடம் கைமாறிக் கைமாறி வந்தது. டைரக்டர் ஒரு பக்கம் கத்துகிறார், யார் காதில் விழும்? காமிராக்காரர் மட்டும் காமிராவை ஓடவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கால் மணி நேரத்தில் அவ்வளவு செலவு பண்ணிப் போட்ட குடிசைகளை அணைத்து, சாம்பலைக் கிளறி, கங்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் பெண்கள் நிமிர்ந்தார்கள். அப்புறம்தான் லாரியும் காமிராவும் கண்ணில் பட்டன.

"அய்யோ, இது படக்காரன் தீயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று சித்தி கேட்டாள். அவள் முகமெல்லாம் கரி.

டைரக்டர் அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் சமாதானமாகிவிட்டார். கதையை மாற்றிவிட்டதாகவும், அந்தக் காட்சி அப்படியே படத்தில் வருவதாகவும் துணை டைரக்டர் ஒரு கூடை மங்குஸ்தானோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். சித்தியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு மல்லி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம கொழுந்தியா படத்துல வாரா, பாத்தியளா, கதாநாயகனையே தள்ளி விட்டுட்டா," என்று அவரே சொல்லி அனுப்பினார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் சொன்னது அவர்தான்.

தை மாதம் செங்கோட்டையில் ஒரு மாப்பிள்ளை அமைந்தது. ரயிலில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா ஒருத்திதான். அந்த அம்மா வந்து சித்தியைப் பார்த்து, பூ வைத்து, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார். அம்மா அன்றைக்கு அழுத அழுகை சந்தோஷ அழுகைதான். சித்திக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம், "நடக்கும்போது தரையப் பாக்காரு, நல்ல மனுசன்," என்றாள்.

அந்தச் சமயத்தில் மெட்ராசில் படம் வெளியானது. விமரிசகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அப்பாவுக்கு ஒரு வாரப் பத்திரிகைமேல் அப்படி ஒரு பக்தி. அதில் போட்டிருந்தால் வேதம். கடையை அடைத்துவிட்டு வந்து எங்களுக்கு உரக்க வாசித்தார். தீயணைப்பு ஏணியில் நின்று கதாநாயகியோடு டூயட் பாடுவது அபத்தம் என்று எழுதியிருந்தது. அபத்தம்தான், அந்தப் பாட்டுக்காக நான் வாதாட வரவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து குதிக்கும் சண்டை பரவாயில்லை என்று இருந்தது. பிறகு விமரிசகர் குடிசைக் காட்சிக்கு வந்தார். தீயைக் கண்டால் ஜனங்கள் விலகி ஓடுவார்களே தவிரத் தீயை நோக்கி ஓடுவார்களா, இந்த டைரக்டர் வாழ்நாளில் ஒரு தீயைப் பார்த்திருப்பாரா என்று கேட்டிருந்தார். கூலிக்குப் பிடித்துவந்த துணை நடிகைகள் மிகையாக நடித்து மானத்தை வாங்குகிறார்களாம். அதிலும் கதாநாயகனை இடித்துத் தள்ளும் அந்தப் பெண், நாடகக் கொட்டகையில் பழகியவள் என்பது அவள் நிற்கிற நிற்பிலேயே தெரிகிறதாம். போதாக்குறைக்கு உதடு ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்கிறதாம்.

அப்பா வாசிப்பதை நிறுத்தினார். சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எந்த நாடகத்துல பழகினேன் அத்தான்?" என்றாள்.

அப்பா பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த விமரிசகர் மெட்ராசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியதை அப்பா நம்பினாரே ஒழிய, கரி அப்பிய முகத்தோடு வீட்டுக்கு வந்த சித்தியைத் தன் கண்ணால் பார்த்ததை அவர் நம்பவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

பத்திரிகை செங்கோட்டைக்கும் போகிற பத்திரிகைதான். நாலாம் நாள் கல்யாணத் தரகர் வந்தார், வெற்றிலைப் பெட்டியைத் திறக்காமலே பேசினார்.

"உங்க பொண்ணு படத்துல நடிச்சிருக்காமே. கூலிக்கு. அந்த அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாவ."

"யாரு சொன்னா?" என்றார் அப்பா. ஊருக்கெல்லாம் சொன்ன அதே அப்பா. "அது மெட்ராஸ்காரி எவளோ. நம்ம பொண்ணு வீட்ட விட்டு எறங்கவே இல்ல."

தரகர் போனார், திரும்பி வந்தார். மாசியில் படம் தென்காசிக்கு வருகிறது, அந்த அம்மாவே வந்து பெண்ணோடு உட்கார்ந்து பார்ப்பாராம். அது நம் பெண் இல்லை என்று அவர் மனசுக்குத் திருப்தியானால் வைகாசியில் கல்யாணம். இல்லையென்றால் பூவைத் திருப்பிவிட வேண்டியதுதான்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கும் அந்த விமரிசகர்தான் கைகொடுத்தார். உதடு ஒன்று, குரல் ஒன்று என்று எழுதியிருந்தாரே, அதைப் பிடித்துக்கொண்டார். மெட்ராசில் யாரோ ஒரு பெண்ணை வைத்துச் சித்தியின் வாய்க்குக் குரல் போட்டிருக்கிறார்கள். குரல் சித்தியுடையது இல்லை. முகத்திலோ கரியும் சாக்கும். "சாயல் இருக்கும், ஆனா கொரல் அவ கொரல் இல்லையே, அதுதான் சாட்சி," என்று அம்மாவிடம் சொன்னார். சித்தியிடம், "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். வாயத் தெறக்காம இருந்தாப் போதும்," என்றார்.

சித்தி தலையை ஆட்டினாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளை வேண்டும், அதை நான் அறிவேன். படம் வருகிறவரை அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் கிணற்றடியில், "எரிஞ்சது பொய்த் தீன்னு எனக்குத் தெரியாதுலா. நான் போனது நெசம்தான?" என்று என்னிடம் கேட்டாள். பத்து வயதுக்காரி என்ன சொல்வேன்? ஆமாம் என்றேன்.

மாட்னி ஆட்டம். பெண்கள் பக்கம் பெஞ்சில் நடுவில் சித்தி, ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் செங்கோட்டை அம்மா. அவர் வரும்போதே சித்திக்குப் பிச்சிப்பூ கொண்டுவந்து தன் கையால் வைத்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. அப்பா குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில். கொட்டகையில் பாதிக்கு மேல் மேலகரம்தான்.

ஏணிப் பாட்டு வந்தது, எல்லோரும் சோடா வாங்கப் போய் வந்தார்கள். சண்டை வந்தது. பிறகு எங்கள் தோப்பு வந்தது. கரும்புகை, காற்று, குடம் தூக்கிக்கொண்டு பெண்கள். அந்த ஆள் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். சாக்கு மூடிய உயரமான பெண் ஒருத்தி வந்து இடிக்கிறாள். திரையிலிருந்து மெட்ராஸ் குரல் தேன் ஒழுக, "ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள்? தண்ணீர் எடுங்கள்," என்றது.

பெஞ்சிலிருந்து சித்தி எழுந்து நின்றாள். அந்தக் குரலுக்கு மேலே, கொட்டகை அதிர, தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"ஏலே, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? தண்ணி எடுலே."

உதடும் குரலும் அப்படிப் பொருந்தின. பின்னாலிருந்து ஒருத்தி, "ஏட்டி, அங்கன பாரு, மூணாவது நிக்கது நானு," என்றாள். "எம் மாமியாக்காரி எங்க போறா பாரு, செருப்பில்லாம," என்றாள் இன்னொருத்தி. ஆளாளுக்கு எழுந்து நின்று திரையில் தன்னைக் காட்டத் தொடங்கினார்கள். சித்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். தீயை நோக்கி யார் ஓடுவார்கள் என்று கேட்ட மனுஷர் அன்றைக்கு எங்கள் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும். பெஞ்சு பெஞ்சாக அவருக்குப் பதில் நின்றுகொண்டிருந்தது.

படம் தென்காசியில் நாலு நாள்தான் ஓடியது. கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு இதைவிட நல்ல மாப்பிள்ளை வந்தான் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். வரவில்லை. சித்தி படித்து, இலஞ்சியில் டீச்சராகி, தன் காலில் நின்று, எழுபது தாண்டி வாழ்ந்துவிட்டுப் போனாள். அய்யோ பாவம் என்று யாரும் வாயெடுக்க வேண்டாம். அவள் வீட்டில் அவள் குரல்தான் கேட்டது.

மாட்னி விட்டு வெளியே வந்தோம். செங்கோட்டை அம்மா பஸ்ஸுக்கு நின்றார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"எதுக்குட்டி சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். "எனக்குத் தெரியாதா, மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சிட்டு. நீ சும்மா இருந்திருந்தா நம்புன மாதிரி இருந்திருப்பேன். ஊரு வாய அடச்சிருக்கலாம்லா."

"உங்க வீட்டுக்கு வந்தும் சும்மாவே இருக்கணும்லா," என்றாள் சித்தி. "எத்தன வருசத்துக்கு இருக்க?"

அதற்குள் பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் அந்த அம்மா சித்தியின் தலையில் சரிந்திருந்த பிச்சிப்பூவை ஒழுங்காகச் சொருகிவிட்டு ஏறிக்கொண்டார்.

அப்பா ஒற்றைமாட்டு வண்டி பேசிக்கொண்டு வந்து நின்றார். சித்தியின் முகத்தைப் பார்க்காமல், "ஏறு," என்றார்.

"நீங்க போங்க அத்தான். நான் அடுத்த ஆட்டமும் பாத்துட்டு வாரேன்."

"இன்னுமா பாக்கணும்? எல்லாந்தான் பாத்தாச்சே."

"நான் எங்க பாத்தேன்? அந்த அம்மா மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். என்னைய இன்னும் பாக்கல."

அப்பா டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. சித்தி தன் முந்தி முடிச்சை அவிழ்த்து எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். சாயங்கால ஆட்டத்தில் பெண்கள் பக்கம் நாங்கள் இரண்டே பேர்தான். தோப்பு வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த குடத்தை எடுத்துக்கொண்டு புகைக்குள் ஓடுகிற அந்தப் பெண்ணை, அவள் போய் மறைகிறவரை, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.